லிப்டனின் கப்பலும் பத்தடிக் காம்பராவும்

உல்லாசப் படகுகளின் உட்புற அலங்காரத்தைப் பற்றி ஊவாவை நினைத்துக்கொண்டு எழுதுவானேன் என்று கேட்பவர்களுக்கு ஒரே சொல்லில் விடை உண்டு: லிப்டன்.

மொனராகலையிலிருந்து வெல்லவாய வழியாக வரும் நெடுஞ்சாலை கொஸ்லந்தையை நோக்கி மலையேறுகிறது. இறப்பர் மரங்கள் பின்தங்க, தேயிலை தொடங்குகிறது. தியலும நீர்வீழ்ச்சியைக் கடந்து பெரகலையில் திரும்பினால் அப்புத்தளை; அதற்கப்பால் தம்பேதென்னை. கிளாஸ்கோவில் மளிகைக் கடை வைத்து உயர்ந்த தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து வாங்கிய தோட்டங்களுள் அதுவும் ஒன்று. அவர் அமர்ந்து பார்த்ததாகக் கூறப்படும் குன்றில் இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மளிகையும் தேயிலையும் சேர்த்துத் தந்த செல்வத்தில் லிப்டன் 1898இல் ஒரு நீராவி உல்லாசக் கப்பலை வாங்கினார். சிசிலியின் புளோரியோ குடும்பத்துக்காக ஸ்கொட்லாந்தில் கட்டப்பட்ட அக்கப்பலின் முதற்பெயர் ஏகூசா. லிப்டன் அதற்கு எரின் என்று பெயரிட்டு, அரச குடும்பத்தாரையும் அமெரிக்கச் செல்வந்தர்களையும் அதில் வரவேற்று விருந்தளித்தார். அமெரிக்காக் கோப்பைக்காக 1899 முதல் 1930 வரை ஐந்து முறை ஷம்ரொக் என்ற பெயருடைய பாய்மரப் படகுகளை அனுப்பி ஐந்து முறையும் தோற்றார். தோல்வியும் நல்ல விளம்பரம் என்பதை அறிந்த வணிகர் அவர். ஒவ்வொரு போட்டியின்போதும் செய்தித்தாள்களில் தேயிலையின் பெயரும் சேர்ந்தே அச்சாயிற்று.

அத்தகைய கலங்களின் உட்புறம் ஒரு தனிக்கலை. இடமோ குறைவு, தரையோ ஓயாமல் ஆடும், நாற்புறமும் ஈரம். ஆகவே அழகு என்பது அங்கே பயனுக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொள்வதல்ல. மேசையின் விளிம்பில் சிறு தடுப்புச் சட்டம் இருக்கும், கோப்பை வழுக்கி விழாது. இழுப்பறையைச் சற்றே தூக்கினால்தான் திறக்கும், அலையில் தானாகத் திறந்துகொள்ளாது. படுக்கைக்குக் கீழே பெட்டகம். மூலைகள் யாவும் உருட்டப்பட்டிருக்கும். தடுமாறுகிறவனின் கைக்கு எட்டும் இடத்திலெல்லாம் பிடிமானம். 1930இல் கடலிறங்கிய டொரேட் என்ற அமெரிக்கப் படகில் ஒரு காற்றுப் பெட்டியை அமைத்தார்கள். காற்று உள்ளே வரும். அதனோடு வரும் நீர் பெட்டிக்குள்ளேயே வடிந்து வெளியேறிவிடும். படகின் பெயரே அந்தப் பெட்டிக்கும் நிலைத்துவிட்டது. என் மதிப்பில், தேக்குப் பலகையையும் பித்தளைக் குமிழ்களையும் விட அழகானது அந்தப் பெட்டிதான்.

இனி, தேயிலையைப் பறித்தவர்களின் இருப்பிடம். கோப்பிக் காலத்திலிருந்தே தொடர்ந்து வந்த லயன் அறை, பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. மலையக மக்கள் அதைக் காம்பரா என்கிறார்கள். அறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு அது; கப்பல் அறைக்குப் போர்த்துக்கேயர் வழங்கும் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். பெயரில் உள்ள உறவு அத்தோடு நின்றுவிட்டது. கப்பலின் சிற்றறைக்குள் ஒருவர் வசதியாக உறங்கத் தேர்ந்த தச்சர்கள் அங்குலம் அங்குலமாகச் சிந்தித்தார்கள். காம்பராவுக்குள் ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, பிள்ளை பெற்று, படிக்கவைத்து வாழ வேண்டியிருந்தபோது எவரும் ஒரு பலகைத் தட்டைக்கூட வரைந்து வைக்கவில்லை. விறகு எங்கே, நனைந்த படங்கை எங்கே காயப்போடுவது, அடுப்புப் புகை எவ்வழியே போகும் என்ற கேள்விகளையெல்லாம் அந்தப் பெண்களே தீர்த்துக்கொண்டார்கள். இஸ்தோப்பை மறைத்து அடுப்படி ஆக்கியதும், கூரைக்கடியில் பரண் கட்டியதும், சுவரில் காலண்டர்ப் படங்களை வரிசையாக ஒட்டியதும் அவர்களின் வடிவமைப்பு. அதற்கு விருது கொடுப்பார் இல்லை.

வறுமையின் சாமர்த்தியத்தைப் புகழ்ந்து தப்பித்துக்கொள்ளும் எழுத்து எனக்கு உவப்பானதல்ல. உட்புறத்தைப் பற்றிப் பேசும் முன் கலம் மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. ஆகவே முதலில் உறுதியான நிலம், அந்நிலத்துக்கு உறுதிப்பத்திரம். அலுமாரியும் தட்டும் பிறகுதான்.

இந்திய உதவியுடன் மலையகத்தில் முதலில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. மேலும் 10,000 வீடுகள் 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டன. ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் 550 சதுர அடி, இரண்டு படுக்கையறை, தனிச் சமையலறை, கழிவறை. காம்பராவிலிருந்து வருகிறவர்களுக்கு இது பெரிய மாற்றம். குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் 550 சதுர அடி என்பது கப்பற்காரனின் கண்ணோடு பார்க்க வேண்டிய அளவு. ஒவ்வொரு சுவரும் இரண்டு வேலை செய்தாக வேண்டும். மலையிலிருந்து சேற்றுக்காலோடு திரும்புகிறவர் கூடையையும் படங்கையும் வைக்க வாசலருகே ஒரு கூரையிட்ட மூலை வேண்டும். ஒக்டோபரில் தொடங்கித் தை மாதம் வரை ஊவாவில் மழை. அத்தனை நாளுக்கும் விறகு காய்ந்திருக்க வேண்டும். குளிருக்கு அஞ்சிச் சன்னலை மூடினாலும் காற்று வருவதற்குக் கூரையடியில் வழி வேண்டும். சாதாரண தரம் எழுதும் பிள்ளைக்குச் சுவரோடு மடங்கும் ஒரு மேசை போதும். இவற்றுள் ஒன்றுக்கேனும் தேக்கு மரம் தேவையில்லை.

எரினின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். போர் வந்ததும் லிப்டன் அதைச் செஞ்சிலுவைப் பணிக்குக் கொடுத்தார். 1915இல் மருத்துவர்களும் தாதியரும் சேர்பியாவுக்கு அதில் சென்றார்கள். பிறகு கடற்படை எடுத்துக்கொண்டு, பழைய பெயரான ஏகூசாவையே மீண்டும் சூட்டியது. 1916 ஏப்ரலில் மோல்ட்டாவுக்கு அருகே கண்ணிவெடியில் சிக்கி அது மூழ்கியது. லயன்கள் மட்டும் நிற்கின்றன. அவற்றுக்குப் பதிலாக எழும் வீடுகளின் வரைபடத்தில் புகைபோக்கியை இப்போதே வரைந்துவிடட்டும். கூரை வேய்ந்த பிறகு துளையிட்டால், புகை போகிறதோ இல்லையோ, மழை உள்ளே வந்துவிடும்.