வெண்ணெயும் பீடியும்

2025 செப்டம்பரில் டில்லியில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் பல பண்டங்களின் வரியை மாற்றியமைத்தது. சிகரெட்டுக்கு 40 விழுக்காடு என்று நிர்ணயித்த அதே கூட்டம், பீடிக்கு 28 ஆக இருந்த வரியை 18 ஆகக் குறைக்க முடிவு செய்தது. பீடி இலைக்கு 18 என்றிருந்தது 5 ஆயிற்று. சிகரெட் புகை நஞ்சு. பீடிப் புகை மட்டும் பஞ்சாமிர்தமோ?

கேட்டால், சமாதானம் தயாராக இருக்கிறது. பீடி ஏழையின் தொழில். அதில் கை வைத்தால் லட்சக்கணக்கான பெண்களின் அடுப்பு அணையும் என்கிறார்கள்.

இந்தச் சமாதானத்தை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. நெல்லையிலும் தென்காசியிலும் வேலூரிலும் திருப்பத்தூரிலும், வீட்டுத் திண்ணையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பொழுது சாயுமட்டும் பீடி சுற்றும் தாய்மார்களை நாம் அறிவோம். அந்தக் கூலியில்தான் பிள்ளைகளின் படிப்பு. அந்தக் கூலியில்தான் பெண்ணின் திருமணம். ஆனால் அந்தப் பீடியைப் புகைத்து, நாற்பத்தைந்து வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறானே, அவன் மட்டும் சீமான் வீட்டுப் பிள்ளையா? அவன் வீட்டு அடுப்பும் அடுப்புத்தானே!

பிழைப்பா, உயிரா என்ற இதே கேள்வி, அரை நூற்றாண்டுக்கு முன் பின்லாந்து நாட்டில் எழுந்தது. அங்கே பீடியின் இடத்தில் இருந்தது வெண்ணெய். அவர்கள் அந்தக் கேள்விக்கு எப்படி விடை கண்டார்கள் என்பதை நம்மவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

பின்லாந்தின் கிழக்கு ஓரத்தில், ரஷ்ய எல்லையை ஒட்டி, வட கரேலியா என்றொரு மாகாணம். காடும் ஏரியும் நிறைந்த பூமி. மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர். மரம் வெட்டுவதும் மாடு வளர்ப்பதும் தொழில். ரொட்டி என்றால் அதன்மேல் வெண்ணெய் கனமாகப் படிய வேண்டும். ஆண்களில் பாதிப் பேருக்கு மேல் புகைப்பவர்கள். வெண்ணெய் திரண்டு வரும் வேளையில் தாழி உடைந்ததுபோல, குடும்பத்தை நிமிர்த்த வேண்டிய வயதில் அந்த ஆண்கள் மாண்டார்கள். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், 35 முதல் 64 வயதுக்குட்பட்ட ஆண்களில் லட்சத்துக்கு ஏறத்தாழ 670 பேரை இருதய நோய் ஆண்டுதோறும் கொண்டுபோயிற்று. உலகிலேயே மிக மோசமான நிலைமைகளில் ஒன்று அது.

அந்த மக்கள் ‘தலையெழுத்து’ என்று சும்மா இருந்துவிடவில்லை. 1971-இல், மாகாணத்தின் கவர்னரும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் ஊர்ப் பிரதிநிதிகளும் கையெழுத்திட்டு அரசுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். 1972-இல் திட்டம் தொடங்கிற்று. அதை நடத்த வந்தவர் பெக்கா புஸ்கா என்ற இளைஞர்.

பெரிய ஆஸ்பத்திரி கட்டுவதில் அவர் தொடங்கவில்லை. அடுக்களையில் தொடங்கினார். மார்த்தா என்ற மாதர் சங்கத்துப் பெண்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, கொழுப்பையும் உப்பையும் குறைத்து, காய்கறியைச் சேர்த்துத் தங்கள் பழைய குழம்பையே புதுவிதமாகச் சமைத்துக் காட்டினார்கள். நர்சுகள் இரத்த அழுத்தம் பார்த்தார்கள். அழுத்தம் மிகுந்தவர்களைப் பதிவேட்டில் குறித்து, விடாமல் தொடர்ந்தார்கள். ஊரில் மதிப்புள்ளவர்களைப் பொறுக்கிப் பயிற்சி கொடுத்து, அண்டை வீட்டாரிடம் பேச விட்டார்கள். புகையை விட விரும்புவோருக்காகத் தொலைக்காட்சியில் பாடமே நடந்தது. 1976-இல் வந்த சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடுத்தது. புகையிலை வரியில் ஒரு சிறு பங்கைப் புகையிலை எதிர்ப்புப் பணிக்கென்றே ஒதுக்கியது.

வெண்ணெய் குறைந்தால் பால் உற்பத்தியாளன் சும்மா இருப்பானா? எதிர்ப்பு வந்தது. ‘எங்கள் பிழைப்பு என்னாவது?’ என்ற கேள்வி அங்கும் கிளம்பியது. கேள்வி நியாயமானது. வெண்ணெயை இன்னும் மலிவாக்கி விற்பதல்ல, அவர்கள் கண்ட விடை. அந்தக் குளிரிலும் விளையக்கூடிய எண்ணெய் வித்துப் பயிரை வளர்த்தார்கள். காட்டிலும் தோட்டத்திலும் விளையும் பெர்ரிப் பழங்களுக்குச் சந்தை தேடிக் கொடுத்தார்கள். மாட்டை நம்பியிருந்தவர்களில் சிலர் பழத் தோட்டத்துக்கு மாறினார்கள். பிழைப்புக்கு மறு வழி திறந்தது. உயிருக்கும் வழி பிறந்தது.

பலன்? 35 ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களிடையே இருதய நோய்ச் சாவு எண்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. நாடு முழுவதுமே குறைந்ததே, இதில் அந்த மாகாணத்துக்கு என்ன பெருமை என்று கேட்போர் உண்டு. ஐந்தாண்டு அனுபவத்துக்குப் பிறகு அதே பணி நாடு முழுவதற்கும் விரிந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2020-இல் தமிழகத்தில் எடுத்த ஆய்வு, வயது வந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் என்றது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவே! இந்த நிலையில்தான் 2021 ஆகஸ்டு 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. சுய உதவிக் குழுப் பெண்கள் வீடு தேடிச் சென்று அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையைக் கையில் தரும் ஏற்பாடு. ஒரு நாள் கூலியை இழந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்க முடியாதவனுக்கு இது சலுகையல்ல, உயிர்.

ஆனால் மாத்திரை பாதி வேலைதான். காலையில் மாத்திரையை விழுங்கியவன் அடுத்த நிமிடமே பீடியைப் பற்றவைத்தால், மாத்திரை என்ன செய்யும்? புகையை விட உதவும் இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356 பொட்டலத்தின்மேல் அச்சாகியிருக்கிறது. பெட்டிக்கடையில் இரண்டும் மூன்றுமாக வாங்குகிறவன் பொட்டலத்தையா படிக்கிறான்? வாசலுக்கு வருகிற அந்தச் சகோதரியே கேட்க வேண்டும்: ‘அண்ணே, பீடியை விட்டாச்சா?’ அடுத்த மாதமும் வந்து கேட்க வேண்டும். விட்டு ஓராண்டு கழிந்தால், புகையால் கூடிய இருதய ஆபத்தில் ஏறத்தாழப் பாதி நீங்கிவிடுகிறது.

பீடி சுற்றும் தாய்மார்கள்? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கூலி. வரி குறைந்ததென்பதற்காக அந்தக் கூலி தானாக ஏறிவிடாது. புகையிலைத் தூசியைச் சுவாசிப்பதும் நின்றுவிடாது. அவர்களுடைய பெயரைச் சொல்லி வரியைக் குறைப்பவர்கள், அந்த வரிப்பணத்தில் ஒரு பங்கையேனும் அவர்களுக்கு மாற்றுத் தொழில் தர ஒதுக்கட்டும். பயிற்சியும் முதலும் சந்தையும் தரட்டும். அப்போது நம்புவோம், அக்கறை ஏழையின்மீதுதான் என்று!

ஏழைக்கு மலிவாகக் கிடைக்க வேண்டியவை அரிசியும் மருந்தும் படிப்பும். சாவை மலிவாக்கிக் கொடுப்பது சலுகையாகாது!