கூடங்குளம் கம்ப்யூட்டருக்குள் வந்த ‘டிட்ராக்’: ட்ரோஜன் எப்படி நுழைகிறது, எப்படி விரட்டுவது?

2019 அக்டோபர் 29. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் சைபர் தாக்குதல் நடந்ததாக ட்விட்டரில் பரவிய தகவலை நிலைய நிர்வாகம் மறுத்தது. நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் இன்டர்நெட்டோடு இணைக்கப்படாமல் தனியாக இயங்குபவை, அவற்றின் மீது சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை என்றது அந்த அறிக்கை.

மறுநாளே இந்திய அணுமின் கழகத்திடமிருந்து இன்னொரு அறிக்கை வந்தது. மால்வேர் இருந்தது உண்மைதான். கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் அதைச் செப்டம்பர் 4-ம் தேதியே தெரிவித்துவிட்டது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிகளுக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டர். அணு உலையை இயக்கும் நெட்வொர்க் அதிலிருந்து பிரித்து வைக்கப்பட்டது, அங்கே பாதிப்பில்லை.

கவனித்துப் படித்தால் இரண்டு அறிக்கைகளும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. மக்கள் கேட்டது ‘உள்ளே ஏதாவது வந்ததா?’ என்று. முதல் அறிக்கை பதில் சொன்னது ‘உலை பாதுகாப்பாக இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு. வந்த விஷயம் உலையை நிறுத்துகிற ரகம் இல்லை, சத்தமில்லாமல் உட்கார்ந்து வேவு பார்க்கிற ரகம்.

டிட்ராக் என்ன செய்யும்?

2018-ல் இந்திய ஏடிஎம்களில் கார்டு விவரங்களைத் திருடும் ஒரு மால்வேரை கேஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டுபிடித்தது. அதன் வேரைத் தேடிப் போனபோது கிடைத்ததுதான் டிட்ராக். கீபோர்டில் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்வது, பிரவுசர் ஹிஸ்டரியை எடுப்பது, டிரைவில் உள்ள ஃபைல்களைப் பட்டியலிடுவது, இதெல்லாம் அதன் வேலை. வடகொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் லாசரஸ் குழுவின் கைவரிசை இது என்று அந்த நிறுவனம் 2019 செப்டம்பரில் வெளியிட்டது.

இதில் திடுக்கிட வைத்த விஷயம் ஒன்று உண்டு. வெளியே கிடைத்த ஒரு டிட்ராக் மாதிரியை ஆராய்ந்தவர்கள், கூடங்குளம் நெட்வொர்க்கின் லாகின் விவரம் அதன் கோடுக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தார்கள். அந்த மாதிரி தயாராவதற்கு முன்பே அந்த விவரம் கைமாறிவிட்டது என்றுதானே அர்த்தம்? ட்ரோஜனை டெலீட் செய்தாலும், அது எடுத்துக்கொண்டு போனது திரும்ப வராது. வைரஸ் ரிமூவல் என்று கூகுளில் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்.

கதவைத் திறப்பது யார்?

வைரஸ் தானாகவே ஒரு ஃபைலிலிருந்து இன்னொரு ஃபைலுக்குத் தொற்றும். ட்ரோஜனுக்கு அந்தத் திறமை இல்லை. வேறு ஏதோ ஒன்று போல வேஷம் போட்டு வரும், நாமாக டபுள் கிளிக் செய்ய வேண்டும். கிரேக்கக் கதையில் மரக்குதிரையை ட்ராய் நகரத்துக்காரர்களே உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள் இல்லையா, அந்தப் பெயர்தான் இது.

காஞ்சிபுரம் தாண்டி, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் தாமல் போன்ற ஒரு ஊரின் ஜெராக்ஸ் கடையை நினைத்துப் பாருங்கள். ஆதார் பிரின்ட், பட்டா நகல், மின் கட்டணம், வேலை விண்ணப்பம் என்று நாள் முழுக்க ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். ஊர்க்காரர்களின் பென் டிரைவ் எல்லாம் ஒரே போர்ட்டில் ஏறி இறங்கும். இத்தகைய இடங்களில் மெஷினில் இருப்பது பல நேரம் கிராக் போட்ட விண்டோஸ்தான். கிராக் போடும்போது ‘முதலில் ஆன்ட்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க’ என்று ஒரு வரி இருக்கும். திருடனே வந்து நாயைக் கட்டிப் போடச் சொல்கிற கதை இது.

பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் திடீரென ஷார்ட்கட்டாக மாறியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். நிஜ ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை மால்வேர் வைத்திருக்கும். அதைக் கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் மால்வேரும் ஓடும். ஃபைல் திறந்துவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வராது.

மெயிலில் வருவது இன்னும் நாசூக்கானது. ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை விண்டோஸ் வழக்கமாகக் காட்டாது. அதனால் ‘பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ என்ற புரோகிராம், திரையில் ‘பில்.பிடிஎஃப்’ என்று அப்பாவியாகத் தெரியும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ மெனுவில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்தால் இந்த வேஷம் கலைந்துவிடும். அரை நிமிட வேலை.

போனிலும் இதே கதைதான். வாட்ஸ்அப்பில் ‘டிராஃபிக் சலான்’ என்றோ ‘கல்யாணப் பத்திரிகை’ என்றோ வரும் ஏபிகே ஃபைல், எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி எல்லாம் அங்கே போகும். நிஜமான சலானுக்கு எந்த ஏபிகே-யும் தேவையில்லை, பரிவாஹன் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

விரட்டுவது எப்படி?

சந்தேகம் வந்ததும் வைஃபையை ஆஃப் செய்யுங்கள், லேன் கேபிளைப் பிடுங்குங்கள். ட்ரோஜன் திருடியதை அனுப்பவும், புது உத்தரவு வாங்கவும் இன்டர்நெட் வேண்டும்.

அடுத்து ஸ்கேன் ஓட்டத் தோன்றும். ஆனால் அதற்கு முன்பே, பாதிக்கப்படாத வேறொரு போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுவது நல்லது. முதலில் ஜிமெயில், பிறகு பேங்க், அதற்குப் பிறகு மற்றவை. மெயில் கையில் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் ரீசெட் செய்ய முடியும், திருடனுக்கும் சேர்த்துத்தான். இதைப் பாதிக்கப்பட்ட மெஷினிலேயே செய்தால் புது பாஸ்வேர்டும் அவனுக்கே போகும். இப்போதைய ட்ரோஜன்கள் பல, பிரவுசரில் நாம் லாகின் ஆகியிருக்கும் குக்கீயையே தூக்கிவிடுகின்றன. அது கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். அதனால் ‘எல்லா டிவைஸ்களிலிருந்தும் லாக்அவுட்’ என்ற ஆப்ஷனையும் தட்டிவிடுங்கள்.

இப்போது ஸ்கேன். விண்டோஸ் ஓடும்போதே ஒளிந்துகொள்ளும் மால்வேர்கள் உண்டு. அதற்காகத்தான் விண்டோஸ் செக்யூரிட்டியில், ஸ்கேன் ஆப்ஷன்களுக்குள் ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ இருக்கிறது. மெஷினை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுதாக எழுந்திருக்கும் முன்பே தேடும். சுமார் கால் மணி நேரம் ஆகும், தனியாகப் பணம் கட்ட வேண்டாம். செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளமும் 2017 முதல் இலவச நீக்கக் கருவிகளைத் தருகிறது. ‘உங்க கம்ப்யூட்டர்ல 38 வைரஸ்’ என்று பாப்-அப்பில் அலறும் கிளீனரை மட்டும் தொடவே வேண்டாம், பல நேரம் அதுவே ட்ரோஜன்.

அதற்குப் பிறகும் பழைய அறிகுறிகள் தெரிந்தால் யோசிக்காமல் ரீசெட்தான். போட்டோ, டாக்குமென்ட் மட்டும் பேக்கப் எடுங்கள், இன்ஸ்டாலர் ஃபைல்கள் வேண்டாம். ‘ரிமூவ் எவ்ரிதிங்’ கொடுத்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். மெஷின் விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான செக்யூரிட்டி அப்டேட் 2025 அக்டோபர் 14-லேயே முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் லேப்டாப்பாக இருந்தால் இதில் எதையும் நீங்களே செய்யக் கூடாது. இணைப்பைத் துண்டித்துவிட்டு ஐடி டீமுக்குச் சொல்லுங்கள். சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவே வந்திருக்கிறது.

பணம் போயிருந்தால் மெஷினை அப்படியே வைத்துவிட்டு, முதலில் 1930-க்கு போன் போடுங்கள், கூடவே பேங்குக்கும். பணம் அடுத்தடுத்த அக்கவுன்ட்டுகளுக்குத் தாவுவதற்குள் அதை முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வழி. ஸ்கேனை ராத்திரி ஓட்டிக்கொள்ளலாம்.