டிகிரி கையிலே... மனு எழுத ஆள் தேடுறாங்க!

நெய்வேலி, 

கல்லூரிப் பரீட்சை வந்தால் போதும், ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கு யோகம்தான்! மெயின் பஜார், மந்தாரக்குப்பம், இந்திரா நகர் எங்கே போனாலும் இதே காட்சி. ஆங்கிலப் பாடத்துக்கு ஒரே நோட்ஸ், நூறு காப்பி. ராத்திரி முழுக்க உருப்போட வேண்டியது, காலையில் போய் கொட்ட வேண்டியது, மத்தியானம் மறந்துவிட வேண்டியது.

மார்க் வருகிறது. மொழி வருகிறதா?

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம். பெரும்பாலான பட்டப் படிப்புகளில் இரண்டு வருஷம் ஆங்கிலம் உண்டு. கவிதை, கதை, நாடகம், கட்டுரை எல்லாம் இருக்கிறது. ஆனால் மாணவன் சொந்தமாக ஒரு பக்கம் எழுதியது உண்டா? கேட்டால் பதில் இல்லை!

இது சின்ன விஷயம் அல்ல. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். வீட்டிலேயே முதல் பட்டதாரியாக ஒரு பையனோ பெண்ணோ வந்து நிற்கிறார்கள். அப்பா ஒரு காகிதத்தை நீட்டுகிறார். "நீதான் படிச்சிருக்கியே, மேலதிகாரிக்கு இங்கிலீஷ்ல ஒரு மனு எழுதுப்பா" என்கிறார். பையன் விழிக்கிறான். கடைசியில் காசு கொடுத்து வெளி ஆளிடம் எழுதி வாங்குகிறார்கள். மூன்று வருஷம் பஸ் ஏறி விருத்தாசலம், கடலூர், சிதம்பரம் என்று அலைந்த படிப்பு அந்த இடத்தில் தலை குனிகிறது.

"இப்பத்தான் செல்போனே எழுதிக் கொடுக்குதே!" என்று சிலர் சொல்லலாம். எழுதிக் கொடுக்கும். அது எழுதியது சரியா தப்பா என்று பார்ப்பது யார்? நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்பது செல்போனையா, ஆளையா?

சினிமா பார்த்தால் கெட்டுப் போவானா?

ஆங்கில வகுப்பில் சினிமாவும் பாடம் என்றால் பெற்றோருக்குப் பகீர் என்கிறது. "சினிமா பார்க்கவா காலேஜுக்கு அனுப்பினோம்?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஷேக்ஸ்பியரை நம் ஊர் ஜனங்களிடம் கொண்டு வந்ததில் சினிமாவுக்கும் பங்கு உண்டே! 1963ல் வந்த 'இரத்தத் திலகம்' படத்தில் சிவாஜியும் சாவித்திரியும் ஒத்தெல்லோ நாடகக் காட்சியில் நடித்தார்கள். ஜப்பானில் அகிரா குரோசவா 1957லேயே மேக்பெத் கதையைப் படமாக்கினார். அதே கதையை இந்தியில் 2003ல் 'மக்பூல்' ஆக்கினார் விஷால் பரத்வாஜ். நோட்ஸில் புரியாத மேக்பெத், படத்தில் புரியும். புரிந்தால் பேச்சு வரும். பேச்சு வந்தால் எழுத்தும் வரும்.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கடலூரில் 1934ல் பிறந்த ஜெயகாந்தனைப் பாருங்கள். படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான்! 'உன்னைப்போல் ஒருவன்' கதையை எழுதியதோடு, 1965ல் தானே படமாகவும் எடுத்தார். அவர் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், கெட்டுப் போய் வந்த மகளைத் தாய் குளிப்பாட்டி ஏற்றுக்கொள்கிறாள். 'அந்தத் தாய் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால்?' அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல். 1972ல் சாகித்திய அகாதமி பரிசு வாங்கியது. 1977ல் பீம்சிங் அதைப் படமாக்கினார். லட்சுமிக்குச் சிறந்த நடிகை என்று தேசிய விருதும் கிடைத்தது.

ஒரே கதை. சிறுகதை, நாவல், சினிமா என்று மூன்று வடிவம். இதை வகுப்பில் வைத்துப் பாருங்கள். "தாய் செய்தது சரியா?" என்று ஒரு கேள்வி போடுங்கள். கடைசி பெஞ்சும் எழுந்து பேசும்! முதலில் தமிழில் பேசட்டும். அப்புறம் அதையே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதட்டும். பிழை வரட்டும், பரவாயில்லை. அவன் பிழை, அவன் எழுத்து!

என்ன செய்யலாம்?

வாரம் ஒரு பக்கம் சொந்த எழுத்து. பருவத்துக்கு ஒரு படம், நிறுத்தி நிறுத்திப் பார்த்து விவாதம். ஒரு மனு, ஒரு வேலை விண்ணப்பம், ஒரு புகார் எழுதும் பயிற்சி. உருப்போட்ட விடைக்கு மார்க்கைக் குறைத்து, சொந்த எழுத்துக்குக் கூட்ட வேண்டும். ஒரு வகுப்பில் அறுபது பேர் என்றால் வாத்தியார் ஒருவர் எத்தனை நோட்டைத் திருத்துவார்? ஆகவே ஆசிரியர் எண்ணிக்கையையும் கூட்டியே தீர வேண்டும். இது பல்கலைக்கழகமும் அரசும் பார்க்க வேண்டிய வேலை.

நெய்வேலிக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1957ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961ல்தான். அதுவரை அள்ளியதெல்லாம் வெறும் மேல்மண்!

பிள்ளைகளிடமும் சரக்கு இருக்கிறது. மேலே கிடப்பது ஜெராக்ஸ் மண். அள்ளுவார்களா?