ஓடும் வீட்டில் அடுப்பு எரியவில்லையா?

நியூசிலாந்தின் தென் தீவுக்குப் போக வேண்டும், கேம்பர்வேன் ஒன்றை வாடகைக்கு எடுக்க வேண்டும், ஏரிக்கரையில் நிறுத்தி நம் கையாலேயே சுடச்சுட ரசம் வைக்க வேண்டும். இந்த ஆசை நம் குடும்பங்கள் பலவற்றுக்கு வந்துவிட்டது. ஆனால் சிங்கப்பூரில் ஜூன் பள்ளி விடுமுறை என்றால் அங்கே குளிர்காலம். டெக்காப்போ ஏரிப் பக்கம் இரவில் 0 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். அந்த நேரம் பார்த்து அடுப்பு எரிய மறுத்தால் என்ன செய்வது?

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். அடுப்பு மட்டும் எரியவில்லையா, வாயுவில் ஓடும் எல்லாமே நின்றுவிட்டதா? அடுப்பு மட்டும் என்றால், அதற்கென்று தனியாக உள்ள குழாய்த் திருகு மூடியிருக்கலாம். எல்லாமே நின்றிருந்தால் தோம்பைப் பாருங்கள். காலியா என்று அறிய, வெதுவெதுப்பான நீரை அதன் பக்கவாட்டில் ஊற்றித் தடவிப் பாருங்கள். திரவம் இருக்கும் மட்டம் வரை உலோகம் குளிர்ந்திருக்கும், அதற்கு மேலே சூடு தெரியும்.

தோம்பு நிறைந்திருந்தும் தீ மங்கலாக இருக்கிறதா? சில வண்டிகளில், வாயு திடீரென்று அதிகமாக ஓடினால் தடுக்கும் பாதுகாப்பு அமைப்பு இருக்கும். வால்வைச் சட்டென்று திறந்தால் அது கசிவு என்று எண்ணி வாயுவைக் கட்டுப்படுத்திவிடும். எல்லாத் திருகுகளையும் மூடி, சில நிமிடங்கள் பொறுத்து, வால்வை மெதுவாகத் திறங்கள். தோம்பு மாற்றிய பிறகு குழாயில் காற்று தங்கியிருக்கும். அதனால் அடுப்பு பற்றக் கொஞ்ச நேரம் ஆகலாம். பற்றியதும் அணைந்துவிட்டால், திருகை அழுத்தியபடி 10 முதல் 20 வினாடி பிடித்திருங்கள். தீ இருப்பதை உணரும் முனை சூடேறிய பிறகுதான் வாயு நிற்காமல் வரும்.

குளிருக்கும் இதில் பங்கு உண்டு. புரோபேன் -42 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடும். பியூட்டேனுக்கு ஏறக்குறைய 0 டிகிரி வேண்டும். நாம் வீட்டில் ஸ்டீம்போட் வைக்கும் சிறிய அடுப்பின் டப்பாவில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன்தான். நம் ஊரில் ஜோராக எரியும் அது, பனி விழும் காலையில் படுத்துக்கொள்வது இதனால்தான். இரண்டும் கலந்த தோம்பில் புரோபேன் முதலில் தீர்ந்துகொண்டே வரும். பாதி தீர்ந்த தோம்பு குளிரில் திணறினால் ஆச்சரியமில்லை. அதற்காகத் தோம்பைத் தீயில் காட்டிச் சூடாக்கிவிடாதீர்கள்!

இதுவரை சொன்னது சமையலுக்கு வரும் இடைஞ்சல். இனிச் சொல்வது உயிர் விஷயம்.

புரோபேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். வண்டியின் அடித்தளத்தில் காற்றோட்டத் துளைகள் வைத்திருப்பது அந்த வாயு வெளியேறத்தான். குளிர் காற்று வருகிறதே என்று துண்டை வைத்து அடைத்துவிடாதீர்கள். துர்நாற்றம் வந்தால் விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்லாரும் வெளியே இறங்குங்கள், கதவைத் திறந்து விடுங்கள், வெளியே இருக்கும் தோம்பின் வால்வை மூடுங்கள். தள்ளி நின்ற பிறகு வாடகை நிறுவனத்தை அழையுங்கள். ஆபத்து என்றால் நியூசிலாந்தில் 111, ஆஸ்திரேலியாவில் 000. இணைப்பில் கசிவு இருக்குமோ என்ற சந்தேகம் மட்டும் என்றால் பாத்திரம் கழுவும் சோப்பு நீரைத் தடவினால் போதும், கசிவு இருந்தால் குமிழி வரும். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது கூடவே கூடாது. பழுது பார்ப்பதை உரிமம் பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

அதைவிட மோசமானது கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனையே கிடையாது. அடுப்பின் தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் வாயு சரியாக எரியவில்லை என்று அர்த்தம். குளிருக்கு இதமாக அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது, மழைக்குப் பயந்து கரி அடுப்பை உள்ளே கொண்டு வருவது இரண்டும் உயிரைக் குடிக்கும். வண்டிக்குள் இருக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் என்றால் பயணக் களைப்பு என்று நினைக்க வேண்டாம். உடனே வெளியேறி உதவி கேளுங்கள்.

வண்டியைப் பெறும் நாளில் சாவியை வாங்கியதும் படம் எடுக்கத்தான் கை போகும். அதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தோம்பு எங்கே, வால்வை எப்படி மூடுவது, வாயுக் கசிவையும் கார்பன் மோனாக்சைடையும் கண்டறியும் அலாரங்கள் வேலை செய்கின்றனவா என்று கேட்டு, அவர்கள் முன்னிலையிலேயே அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள். வண்டி ஓடும்போதும் பெட்ரோல் நிலையத்திலும் வால்வு மூடியிருக்கட்டும். வால்வு இருக்கும் இடத்தை அப்பா மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. அம்மாவுக்கும், விவரம் தெரிந்த பிள்ளைக்கும் காட்டிவிடுங்கள். பிறகு ரசம் வைக்கலாம்.