கல்ச்சரில் கிருமி வளராத சிறுநீர்த் தொற்று: டெல்டா மருத்துவமனைகளுக்கு ஒரு நிலைப்பாடு

பட்டுக்கோட்டையிலோ மன்னார்குடியிலோ ஒரு லேப் ரிப்போர்ட் இப்படி வருவதுண்டு: சிறுநீரில் சீழ் செல்கள் ஏராளம், நைட்ரைட் நெகட்டிவ், கல்ச்சரில் ‘நோ குரோத்’. நோயாளி எழுபதைக் கடந்தவர். ப்ராஸ்டேட் வீக்கமும் பல வருடச் சர்க்கரையும் உண்டு. குளிர்காய்ச்சல் விட்டபாடில்லை. கிருமி வளரவில்லை என்றதும் சிலருக்கு மருந்து நிறுத்தப்படுகிறது. சிலருக்கு இன்னொரு சுற்று சிப்ரோஃப்ளாக்சசின் எழுதப்படுகிறது. இரண்டுமே ஆபத்தில் முடியலாம் என்று காவிரிப் படுகையின் மருத்துவர்களும் ஆய்வக நுட்பநர்களும் சேர்ந்த இந்தச் சங்கம் கருதுகிறது.

வழக்கமான யூரின் கல்ச்சர் இ. கோலை போன்ற கிருமிகளுக்காக வடிவமைக்கப்பட்டது. சிறுநீரைத் தட்டில் தீற்றி, 37 டிகிரி வெப்பத்தில், சாதாரணக் காற்றில் ஓர் இரவு வைத்து, மறுநாள் காலை எண்ணுவார்கள். ஒரு மில்லிக்கு ஒரு லட்சம் என்ற அளவுகோல் 1950களில் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸ் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்த முறையே போதும். விடிந்தது முதல் சேற்றில் நின்று, ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரே குடிக்காமல் நடவு நடும் பெண்ணுக்கு வரும் நீர்க்கடுப்புக்குக் காரணம் பெரும்பாலும் இ. கோலைதான். அவருக்குத் தேவை வரப்போரம் ஒரு கழிப்பறை. அபூர்வக் கிருமிக்கான சோதனை அல்ல.

சிக்கல் முதியவர்களிடமும், யூரின் டியூப் போட்டவர்களிடமும், கல்லோ அடைப்போ உள்ளவர்களிடமும் இருக்கிறது. இவர்களிடம் தொற்றை உண்டாக்கும் ஆக்டினோடிக்னம் ஷாலி என்ற கிருமி 1997இல்தான் வேறொரு பெயரில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. ஆக்சிஜன் இல்லாத சூழலிலோ, கரியமில வாயு கூடிய சூழலிலோதான் இது நன்றாக வளரும். அதற்கும் 48 மணி நேரம் பிடிக்கும். அப்போதும் ரத்த அகாரில் ஊசிமுனை அளவுக்குச் சாம்பல் புள்ளிகளே தெரியும். தோலிலிருந்து வந்த கலப்படம் என்று தட்டைத் தூக்கிப்போட்டுவிடுவது மிக எளிது. நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றாததால் டிப்ஸ்டிக்கும் காட்டிக்கொடுக்காது. டென்மார்க்கின் விபோர்க் வட்டாரத்தில் 2008-09இல் பி.சி.ஆர். முறையில் தேடியபோது, 60 வயதைத் தாண்டியவர்களின் மாதிரிகளில் 22 விழுக்காட்டில் இக்கிருமி கிடைத்தது. அவற்றில் பலவற்றில் வேறு கிருமிகளும் கூடவே இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அது பெரிய எண்ணிக்கை.

மருந்து விஷயத்தில் இது இன்னும் கவலை தருகிறது. இக்கிருமியிடம் சிப்ரோஃப்ளாக்சசினும் கோட்ரைமாக்சசோலும் பெரும்பாலும் எடுபடுவதில்லை. ‘அனெரோப்’ (காற்றில்லாமல் வாழும் கிருமி) என்ற சொல்லைக் கேட்டதும் கை தானாக எழுதும் மெட்ரோனிடசோலும் பலிக்காது. சாதாரண அமாக்சிசிலின் கேட்கும்.

எல்லார் சிறுநீரையும் காற்றில்லா ஜாடியில் வைக்கச் சங்கம் சொல்லவில்லை. அப்படிச் செய்வது தவறு. சிறுநீர்க் குழாயின் முனையிலும் பிறப்புறுப்பிலும் காற்றில்லாமல் வாழும் கிருமிகள் இயல்பாகவே இருப்பதால், கப்பில் பிடித்த சிறுநீரில் அவை வளர்ந்தால் அதற்குப் பொருளே இல்லை. பாக்டீராய்ட்ஸ் போன்ற முழு அனெரோப்களைத் தேட வேண்டுமானால், அடிவயிற்றின் வழியே ஊசியால் உறிஞ்சிய சிறுநீரோ சீழ்க்கட்டியிலிருந்து எடுத்த சீழோ வேண்டும். சிரிஞ்சின் காற்றை வெளியேற்றிவிட்டு, உடனே ஆர்.சி.எம். (சமைத்த இறைச்சி) ஊடகத்தில் விட்டு அனுப்ப வேண்டும். குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே துளை விழுந்தவர், சிறுநீரகத்தைச் சுற்றிச் சீழ் கட்டியவர் ஆகியோருக்கே இந்தச் சோதனை நியாயமானது.

மற்ற ஐயத்துக்குரிய மாதிரிகளுக்குத் தாலுகா லேபிலேயே வழி உண்டு. முதல் படி கிராம் சாயம். மையவிலக்கில் சுற்றாத சிறுநீரின் ஒரு துளியில் சற்றே வளைந்த ஊதாக் குச்சிகள் தெரிந்தும் தட்டு வெறுமையாக இருந்தால், நுட்பநர் மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். இரண்டாவது, ரத்த அகார் தட்டை மெழுகுவத்தி ஜாடியில் இரண்டு நாள் வைப்பது. எரியும் மெழுகுவத்தியோடு ஜாடியை இறுக மூடினால், அது அணையும்போது உள்ளே சுமார் 3 விழுக்காடு கரியமில வாயு சேர்ந்திருக்கும். முழு அனெரோப்களுக்கு இது உதவாது. ஆக்டினோடிக்னத்தையும் ஏரோகாக்கஸ் என்ற கிருமியையும் பிடிக்க நல்ல வாய்ப்பு தரும். வளர்ந்ததற்குப் பெயர் சொல்ல மால்டி-டாஃப் கருவி உள்ள வேலூர் சி.எம்.சி. போன்ற மையத்துக்கு அனுப்பலாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்றேனும் இந்த வட்டாரம் முழுமைக்கும் அனெரோப் கல்ச்சர் செய்துதரும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று சங்கம் கோருகிறது.

இதற்கெல்லாம் முன் இரண்டு கேள்விகள் உண்டு. மாதிரி தருவதற்குமுன் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டாரா? அரை நாள் மாத்திரையே இ. கோலையை வளரவிடாமல் செய்துவிடலாம். அடுத்தது காசநோய். சீழ் செல்கள் தொடர்ந்து இருந்தும் கல்ச்சரில் எதுவும் வராதபோது, நம் நாட்டில் சிறுநீரகக் காசநோயை மறக்கவே கூடாது. அதிகாலைச் சிறுநீரை சிபிநாட் என்ற காசநோய் மரபணுச் சோதனைக்கு அனுப்பியாக வேண்டும். மறுபுறம், எந்தத் தொந்தரவும் இல்லாத முதியவரின் சிறுநீரில் ஏதோ ஒரு கிருமி தென்பட்டதற்காக மட்டும் மருந்து கொடுக்கக் கூடாது.

ரிப்போர்ட் படிவத்திலும் ஒரு திருத்தம் வேண்டும். ‘நோ குரோத்’ என்று மட்டும் அச்சிடாமல், தட்டு எத்தனை மணி நேரம், எந்தச் சூழலில் வைக்கப்பட்டது, கிராம் சாயத்தில் என்ன தெரிந்தது என்று கீழே ஒரு வரி சேர்க்கும்படி டெல்டா மாவட்டங்களின் அரசு, தனியார் ஆய்வகங்கள் அனைத்தையும் சங்கம் கேட்டுக்கொள்கிறது.