பாறசாலை ஒரு நாடாக இருந்திருந்தால்

2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியிலிருந்து இந்தியா 107 பதக்கங்களோடும் இலங்கை 5 பதக்கங்களோடும் திரும்பின. மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் இதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் இலங்கையின் ஐந்தில் மகளிர் கிரிக்கெட் வெள்ளியைத் தள்ளிவைத்தால் மிச்சம் நான்கும் தடகளம். அந்த நான்கு போட்டிகளிலும் பதக்க மேடையில் இந்தியாவும் நின்றது. ஈட்டி எறிதலில் அன்னு ராணிக்குத் தங்கம், நதீஷா டில்ஹானிக்கு வெள்ளி. ஆடவர், மகளிர் 4x400 தொடர் ஓட்டங்களில் இந்தியா முன்னே, இலங்கை வெண்கலத்தோடு பின்னே. மகளிர் 800 மீட்டரில் மட்டும் வரிசை புரண்டது: கண்டி மாவட்டம் வலலவில் உள்ள மத்திய கல்லூரி மாணவி தருஷி கருணாரத்ன 2 நிமிடம் 3.20 விநாடியில் தங்கம். ஹர்மிலன் பைன்ஸ் 2:03.75 எடுத்து வெள்ளி. ஆசிய விளையாட்டுத் தடகளத்தில் இலங்கைக்கு 21 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம் அது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்த நாடு பெட்ரோலுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்றது. சுமார் 2.2 கோடிப் பேர் கொண்ட நாடு 140 கோடியோடு தோளுரச ஓடுகிறது என்றால், அந்த ஓட்டக்காரியைத் துணிச்சல்காரி என்று பாராட்டிவிட்டு நகர்வது போதாது. அவளுடைய ஊருக்கும் அந்த மைதானத்துக்கும் நடுவே எத்தனை வாசல்கள் இருந்தன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிறிய நாட்டுக்கு விளையாட்டில் கிடைக்கும் பெரிய அனுகூலம் இந்த வாசல்களின் எண்ணிக்கைதான் என்பது என் வாதம். இலங்கையில் ஒரு மாணவி அகில இலங்கைப் பள்ளி விளையாட்டிலோ சேர் ஜோன் டாபட் தடகளப் போட்டியிலோ முதலாவதாக வந்தால், நாட்டின் தேர்வாளர்களுக்கு அவள் முகம் தெரிந்துவிடுகிறது. அடுத்த வாசல் வெளிநாடு. ஆசிய விளையாட்டில் ஒரு தனிநபர் போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து இருவர்தான் இறங்கலாம், 2.2 கோடியில் முதல் இருவருக்குள் வருவதும் 140 கோடியில் வருவதும் ஒன்றல்ல. இது புதிய கதையுமில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் தாண்டியபோது அவருக்கு 18 வயது நிறையவில்லை. 1956இல் மெல்போர்ன். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீட்டர் தாண்டி, இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தை வாங்கித் தந்தார். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி. பதினேழு வயதில் உலகத் தரம் என்ன என்பதைக் கண்ணால் பார்த்துத் தோற்றுவிட்டு வந்ததுதான், ஆறு ஆண்டு கழித்துக் கிடைத்த தங்கத்தின் முதல் படி.

இந்தக் கணக்கைத் திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் வைத்துப் பார்க்கலாம். பாறசாலையும் அடங்கிய நெய்யாற்றின்கரை தாலுகாவில் வாழும் மக்கள் செயின்ட் லூசியாவைவிட அதிகம், கிரெனடாவைவிட அதிகம். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் செயின்ட் லூசியாவின் ஜூலியன் ஆல்ஃபிரெட் 100 மீட்டரை 10.72 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். கிரெனடாவின் கிரானி ஜேம்ஸ் 400 மீட்டரில் 2012இல் தங்கம், 2016இல் வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம் என மூன்று ஒலிம்பிக்கில் மூன்று நிறம் கண்டவர்; அவர் ஊரான குயாவ் ஒரு மீனவ ஊர். நம் பக்கத்திலும் மீனவ ஊர்கள் உண்டு. நெய்யாற்றின்கரை தாலுகாவின் கடைசிக் கடற்கரையான பொழியூர், கேரளத்தின் சந்தோஷ் கோப்பைக் கால்பந்து அணிக்கு ஆட்டக்காரர்களைத் தந்துகொண்டே இருக்கும் ஊர். அதை ஒட்டி நீரோடி, அங்கிருந்து தமிழ்நாடு. தூத்தூர், இரயுமன்துறை என்று நீளும் அந்தக் கரையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் போன்றவர்கள் ஐஎஸ்எல் வரை போனார்கள். ஒரே மணலில், ஒரே வலைக்காரர் வீடுகளில் வளர்கிற பையன்கள் எந்தத் தேர்வு முகாமுக்குப் போக வேண்டும் என்பதை 1956 நவம்பர் 1 அன்று போடப்பட்ட எல்லைக்கோடு முடிவுசெய்கிறது.

தாலுகாவின் இன்னொரு கடலோர ஊர் புல்லுவிளை. டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்பு 4x400 தொடர் ஓட்டத்துக்கான இந்தியக் குழுவில் அந்த ஊரின் அலெக்ஸ் ஆன்டனி இடம்பெற்றிருந்தார். கடைசியில் தகுதிச் சுற்றில் இறங்கியவர்கள் முகமது அனஸ், ரேவதி வீரமணி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். மூவர் தமிழ்நாடு, ஒருவர் கொல்லம் மாவட்டத்து நிலமேல். 3:19.93 எடுத்து, அந்தச் சுற்றோடு இந்தியா வெளியேறியது. அலெக்ஸ் ஓடவில்லை. பெரிய நாட்டில் அது நியாயமான முடிவாகவே இருக்கலாம். அனுபவசாலிகள் இருக்கும்போது அவர்களைத்தான் இறக்குவார்கள். அதே ஒலிம்பிக்கில் பதினோராயிரம் பேர் வாழும் டுவாலுவின் கராலோ மைபுகா 100 மீட்டரை 11.42 விநாடியில் ஓடினார். கேரள மாநிலப் பள்ளி விளையாட்டில் மூத்த பையன்களுக்கான தங்கத்துக்கு அந்த நேரம் போதாது. மைபுகா ஓடியதற்குக் காரணம், தகுதி அளவைத் தாண்டிய வீரர் ஒருவரும் இல்லாத நாட்டுக்கும் தடகளத்தில் இடம் உண்டு என்ற ஒலிம்பிக் விதி. டுவாலுவின் இடத்தைப் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த விதியை நம் மாநிலத்துக்குள் கொண்டுவந்தால் என்ன என்றுதான் கேட்கிறேன்.

உடனே எழும் மறுப்பு, சிறிய நாடுகளின் பதக்கம் உண்மையில் பெரிய நாடுகளில் விளைந்தது என்பது. அதில் உண்மை நிறையவே இருக்கிறது. ஜூலியன் ஆல்ஃபிரெட் 14 வயதில் ஜமைக்காவுக்குப் போனார், பிறகு டெக்ஸாஸ் பல்கலைக்கழகம். கிரானி ஜேம்ஸ் அலபாமாவில் படித்தார். பாரீஸில் ஈட்டி எறிந்து வெண்கலம் வாங்கிய கிரெனடாவின் ஆண்டர்சன் பீட்டர்ஸ் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக மாணவர். மும்முறை தாண்டுதலில் டொமினிகாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தையே தங்கமாகத் தந்த தியா லாஃபாண்ட் அமெரிக்காவில் வளர்ந்தவர். பயிற்சி, உணவு, காயத்துக்கு மருத்துவம் எல்லாம் அந்நியர் உபயம் என்று ஒப்புக்கொள்வோம். ஆனால் அலபாமாவின் பயிற்சியாளருக்கு குயாவ் ஊர்ப் பையன் ஒருவன் இருக்கிறான் என்று எப்படித் தெரிந்தது? கரீபியத் தீவுகள் 1972 முதல் நடத்தும் காரிஃப்டா இளையோர் போட்டி அதற்கு ஒரு பதில். ஜமைக்கா 1910 முதல் நடத்தும் பள்ளிகளின் சாம்பியன்ஷிப் இன்னொரு பதில். சிறிய நாடு வீரனை முழுதாக உருவாக்குவதில்லை. சின்ன வயதிலேயே வெளியார் கண்ணில் படும்படி நிறுத்திவிடுகிறது. இந்தியாவிடம் பயிற்சி நிலையங்கள் உண்டு, ரயில்வேயும் ராணுவமும் தரும் வேலைகள் உண்டு, காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி உண்டு. பாறசாலையிலிருந்து அது 40 கிலோமீட்டருக்கு மேல் என்பதுகூடப் பெரிய தடையில்லை. அந்தக் கல்லூரியில் இருப்பவர்களுக்குப் பாறசாலைச் சிறுமியைப் பற்றித் தெரியவர வேண்டும் என்பதுதான் சிக்கல்.

சிறியதாக இருந்தாலே போதுமா என்றால், போதாது. பூடானுக்கும் மாலத்தீவுக்கும் இன்றுவரை ஒலிம்பிக் பதக்கம் இல்லை. ஜெயித்த தீவுகளை மட்டும் பொறுக்கியெடுத்து வாதம் கட்டுவது ஏமாற்று வேலை. பெரியதாக இருந்தாலும் போதாது என்பதற்குப் பக்கத்திலேயே, 17 கோடி மக்களோடு பதக்கமே காணாத வங்கதேசம் இருக்கிறது. வாசல் குறைவாக இருப்பதோடு, வாசலுக்கு அப்பால் ஓர் ஒழுங்கான ஏற்பாடும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கரீபியன் வரை போக வேண்டியதில்லை, கேரளமே ஒருகாலத்தில் அப்படித்தான் நடந்துகொண்டது. கர்னல் கோதவர்ம ராஜா விளையாட்டுக் கவுன்சிலுக்குப் போட்ட அடித்தளத்தின் மேல், 1976இல் பெண்களுக்கென்று கண்ணூரில் விளையாட்டுப் பிரிவு திறக்கப்பட்டது. பய்யோளியிலிருந்து அங்கே போன சிறுமிதான் பி.டி. உஷா. எட்டே ஆண்டில், 1984 லாஸ் ஏஞ்சலிஸில், 400 மீட்டர் தடை ஓட்டத்தில் விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார். அதே ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்குப் போன இந்திய மகளிர் 4x400 அணியின் நால்வரில் உஷா, எம்.டி. வல்சம்மா, ஷைனி ஆபிரகாம் என மூவர் மலையாளிகள். அன்றைய கேரளத்தின் மக்கள்தொகை சுமார் 2.5 கோடி. ஏறக்குறைய இன்றைய இலங்கையின் அளவு.

அந்தக் கேரளம் இன்று தன் ஓரங்களை நடத்தும் விதத்துக்கு வருவோம். நெய்யாற்றின்கரை கல்வி மாவட்டத்தில் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தனித்தனி சப்ஜில்லாக்கள், அதாவது கல்வி உபமாவட்டங்கள். இரண்டுக்கும் தனித்தனி விளையாட்டு விழா. அங்கே ஜெயித்தவர்கள் வருவாய் மாவட்டப் போட்டிக்குப் போக வேண்டும். அதில் விளையாட்டு விடுதிகளில் தங்கி, காலை மாலை பயிற்சி பெறும் பிள்ளைகளோடு மோத வேண்டும். மாவட்டத்துக்கு இத்தனை பேர் என்ற வரம்பு இருப்பதால், சப்ஜில்லாவின் மிகச் சிறந்த பிள்ளையின் ஓட்டம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. 2024 கொச்சி மாநிலப் பள்ளி விளையாட்டின் நிறைவு விழாவில், விளையாட்டுப் பள்ளியையும் பொதுப் பள்ளியையும் ஒரே தராசில் வைத்துப் பரிசு தரலாமா என்று மாணவர்களே தகராறு செய்தார்கள். கோப்பை யாருக்கு என்ற சண்டையாக அது முடிந்துபோனது வருத்தம். அதற்குள் இருந்த கேள்வி, ஏற்பாடு எதுவுமில்லாத இடத்தின் பிள்ளை எந்த வாசல் வழியாக உள்ளே வருவது என்பது. ஒலிம்பிக் தந்த விடையை இங்கும் தரலாம். கேரளத்தில் 163 கல்வி சப்ஜில்லாக்கள் இருக்கின்றன. 100 மீட்டர், 800 மீட்டர், நீளம் தாண்டுதல் என்று செலவு குறைந்த சில போட்டிகளில், மாவட்ட முடிவு எதுவானாலும், ஒவ்வொரு சப்ஜில்லாவின் முதல்வருக்கும் மாநிலப் போட்டியின் முன்சுற்றில் ஓர் இடம் கொடுக்கட்டும்.

தரம் கெட்டுவிடும் என்பார்கள். 2000 சிட்னியில் எக்குவடோரியல் கினியின் எரிக் முசம்பானி 100 மீட்டர் நீச்சலை 1 நிமிடம் 52.72 விநாடியில் முடித்ததைப் பார்த்து உலகம் சிரித்ததை நினைவூட்டுவார்கள். அவர் பிறகு ஒரு நிமிடத்துக்குள் நீந்தும் அளவுக்குத் தேறினார் என்பதையும் நாட்டின் நீச்சல் பயிற்சியாளரானார் என்பதையும் யாரும் நினைவூட்டுவதில்லை. தவிர, முன்சுற்று என்ற ஒன்றை வைத்திருப்பதே முதன்மைச் சுற்றின் தரம் குறையாமல் இருக்கத்தான். 163 பேரை எட்டெட்டாக ஓடவிட்டால் 21 ஓட்டங்கள். ஓட்டத்துக்கு ஐந்து நிமிடம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தொடக்க விழா அணிவகுப்புக்கும் உரைகளுக்கும் நாம் ஒதுக்கும் நேரத்தை யோசித்தால் இது ஒரு பொருட்டே இல்லை. அந்த 163 பேரின் நேரமும் மின்னணுக் கடிகாரத்தில் பதிவானால், யார் எவ்வளவு ஓடுகிறார் என்ற தாள் ஒன்று பயிற்சியாளர்களின் கைக்கு முதன்முறையாக வரும். 

எல்லைக் கிராமங்களைப் பற்றிப் பேசும்போது வருகிற கடைசி மறுப்பு இன்னும் கூர்மையானது. தமிழ் பேசுகிறவர்களும் வாழும் பகுதிக்குத் தனி வாசல் கேட்பது, தென் எல்லைத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய நேசமணியின் காலத்துச் சண்டையைத் திரும்பக் கிளறுவது ஆகாதா என்று திருவனந்தபுரத்திலும் கேட்பார்கள், நாகர்கோவிலிலும் கேட்பார்கள். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று, அது கிடைக்கவில்லை என்பது வரலாறு. சப்ஜில்லா இடம் என்பது மொழிக்கான சலுகையாக இருந்தால் அந்த அச்சம் நியாயம். ஆனால் அதே விதி விழிஞ்ஞத்துக்கும் அட்டப்பாடிக்கும் தேவிகுளத்துக்கும் பொருந்தும். வயநாட்டுக் குறிச்சியர் வீட்டுப் பெண்ணும் மலப்புறத்துக் கடற்கரைப் பையனும் அதே வாசலில்தான் நிற்பார்கள். யாரும் புதுக்கொடி கேட்கவில்லை.

அதற்கு மேல் ஒரு காரியத்தை இரண்டு மாநிலங்களும் சேர்ந்து செய்யலாம். பாறசாலை, நெய்யாற்றின்கரை சப்ஜில்லாக்களின் பள்ளிகளும், களியக்காவிளை எல்லைக்கு அப்பால் விளவங்கோடு, கிள்ளியூர் தாலுகாக்களின் பள்ளிகளும் ஆண்டுக்கொருமுறை ஒரு தடகளப் போட்டியும் ஒரு கடற்கரைக் கால்பந்துப் போட்டியும் நடத்தலாம். தீவுகள் தங்களுக்குள் காரிஃப்டாவை நடத்திக்கொள்வதற்குக் கப்பலும் விமானமும் வேண்டியிருக்கிறது. இங்கே இஞ்சிவிளையிலிருந்து பஸ் ஏறினால் போதும். ஒரு நிபந்தனையை மட்டும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்: அங்கே பதிவாகும் நேரத்தையும் தூரத்தையும் இரு மாநிலத் தடகளச் சங்கங்களும் தேர்வு முகாமுக்கான தகுதியாக ஏற்க வேண்டும். அது இல்லாவிட்டால் இதுவும் பரிசுக் கோப்பையும் பொன்னாடையுமாக முடிகிற இன்னொரு விழாவாகிவிடும். அப்படிப்பட்டவை எல்லைக்கு இருபுறமும் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.