ஒரே பெயர், வேறு வாழ்வு



எஹலியகொட தோட்டமொன்றின் பெரட்டுக்களத்தில் "லெட்சுமி" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பெயர் பொதுவானது, வாழ்வு அவரவருடையது.

தமிழகத்தில் இரண்டு சுப்புலட்சுமிகள் புகழ்பெற்றார்கள். ஒருவர், மதுரையில் 1916இல் பிறந்த பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி. 1998இல் பாரத ரத்னா விருது பெற்றவர். மற்றவர், 1886இல் பிறந்த சகோதரி சுப்புலட்சுமி. சிறுவயதிலேயே விதவையானவர். மூலையில் முடங்காமல் படித்து 1911இல் பட்டதாரியானார். அடுத்த ஆண்டே, இளம் விதவைகள் தங்கிப் படிக்கச் சென்னையில் இல்லம் தொடங்கினார்.

யுத்தத்தில் கணவரை இழந்த சகோதரிகள் சிலர், பெயர் கேட்டால் "இன்னாருடைய மனைவி" என்றே சொல்கிறார்கள். அந்த உறவு அழியாது. ஆனால் உங்களுக்கென்றும் ஒரு பெயர் இருக்கிறது. விண்ணப்பம் எழுதும்போது அடையாள அட்டையில் உள்ளபடி உங்கள் முழுப்பெயரையும் இலக்கத்தையும் எழுதுங்கள். ஒரே பெயரில் பலர் இருந்தாலும் அந்த இலக்கம் உங்களை அடையாளம் காட்டும்.